கிணறு வற்றினால் யார் காரணம்?

[காட்சி: கிணற்றுக்குள் இறங்கும் கயிறு. வாளி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.]

"முன்பெல்லாம் எட்டிப் பார்த்தாலே தண்ணீர் தெரியும்." கிணறு உள்ள ஊர்களில் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது இது. கூடவே காரணமும் வரும். காலநிலை மாறிவிட்டது என்பார் ஒருவர். போன வருடம் வெள்ளமே வந்ததே, என்ன மாற்றம் என்பார் மற்றவர். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் பேசுகிறார்கள்.

வெள்ளத்தைச் சொன்னவரிடமிருந்தே தொடங்குவோம். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். அந்தக் காற்று மண்ணின் ஈரத்தையும் ஏரியின் நீரையும் முன்னைவிட வேகமாக உறிஞ்சும். மழையாகும்போது கொட்டித் தீர்க்கும்.

[காட்சி: காய்ந்த மண். இடப்பக்கம் ஒரு குடம் நீரை ஒரேயடியாகக் கவிழ்க்கிறார்கள். வலப்பக்கம் அதே அளவு நீர் துளித்துளியாக விழுகிறது.]

பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரு குடம்தான். இடப்பக்கத்து நீர் வழிந்து ஓடிவிட்டது. வலப்பக்கத்து நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. பத்து நாள் பெய்ய வேண்டிய மழை இரண்டே நாளில் கொட்டினால் தெரு மூழ்கும், கிணறு நிறையாது. வெள்ளம் வந்த ஆண்டின் கோடையிலேயே குடத்துடன் வரிசையில் நிற்க நேரிடலாம். பலர் நம்ப மறுப்பது இதைத்தான். நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

அதற்காக, வற்றியதற்கெல்லாம் வானத்தைக் கைகாட்டிவிட முடியாது.

[காட்சி: மணலில் துருப்பிடித்து நிற்கும் கப்பல்கள்.]

இது மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்ற பெரிய ஏரி இருந்த இடம். 1960-களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதே இது சுருங்கியதற்கு முதன்மைக் காரணம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரின் கதை வேறு. அங்கே 2015 முதல் 2017 வரை மழை பொய்த்தது. 2018-இல் ஒருவருக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. அப்படியொரு வறட்சி நேரும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் சுமார் மூன்று மடங்காக்கியிருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எல்லாப் பழியையும் காலநிலை மேல் போட்டால், ஆற்றைத் திருப்பியவர்களிடம் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

எது காலநிலையால், எது மனிதரால் என்று நம் நினைவை மட்டும் நம்பிப் பிரித்தறிய முடியாது. காலநிலையைப் பொதுவாக 30 ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். நம் மனதில் நிற்பதோ சென்ற இரண்டு கோடைகள். தாத்தா 'குறைந்துவிட்டது' என்று வருந்திய மட்டத்தைப் பேரன் இயல்பு என்று எண்ணி வளர்கிறான்.

[காட்சி: கோடு போட்ட நோட்டு. கையெழுத்தில் எண்கள்.]

மாதம் ஒருமுறை, மோட்டார் போடும் முன், கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மழையின் அளவையும் பெய்த நாட்களையும் பக்கத்தில் குறியுங்கள். பல ஆண்டுகள் சேர்ந்த பின் படியுங்கள். மழையும் குறையவில்லை, மழை நாட்களும் குறையவில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால், முதலில் விசாரிக்க வேண்டியது சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தை.