வால் ஊன்றி இறங்கும் ராக்கெட்டுக்காக ஒரு வாதம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இங்கே கூடியிருக்கும் காமிக்ஸ் ரசிகர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பழைய விண்வெளிச் சாகசக் காமிக்ஸின் பாணியில், அந்தக் காலத்துக்கு மரியாதை செய்கிற மாதிரி இன்றைக்கு ஒருவர் வரைந்தால் அது புதுப் படைப்பா, பழசின் நகலா என்பதுதான் தலைப்பு. புதுப் படைப்புதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார். இது வெறும் பழம்பெருமை என்றார். அந்தக் கதைகளின் அறிவியல் எப்போதோ பொய்த்துப்போனது என்றார். அப்புறம், அந்தக் காமிக்ஸில் நிறவெறி இருந்தது, பெண்களைப் பொம்மைகளாக வைத்திருந்தார்கள், அதற்குப் போய் மரியாதையா என்று கேட்டார். இந்த மூன்றாவது கேள்விதான் கனமானது. அதற்குக் கட்டாயம் வருகிறேன்.

முதல் குற்றச்சாட்டுக்கு அதிக நேரம் வேண்டாம். இன்றைக்கு ஒருவர் வெண்பா எழுதினால் அதை நகல் என்று யாராவது சொல்வோமா? ஈற்றடியில் மூன்று சீர் வரவேண்டும் என்ற கட்டுப்பாடு பழசு, அதற்குள் சொல்லப்படுகிற சேதி அவருடையது. பழசின் மேல் வைத்த பாசம் புதுசைத் தடுக்கும் என்று நண்பர் பயப்படுகிறார், ஆனால் நடந்தது என்ன? 1934இல் அலெக்ஸ் ரேமண்ட் வரையத் தொடங்கிய ஃபிளாஷ் கார்டன் என்ற விண்வெளிக் காமிக்ஸைப் படமாக எடுக்க ஆசைப்பட்டு, உரிமை கிடைக்காமல் போன ஜார்ஜ் லூகாஸ்தான், சரி, நானே ஒன்றை உண்டாக்குகிறேன் என்று உட்கார்ந்து 1977இல் ஸ்டார் வார்ஸைக் கொண்டுவந்தார். பழசின் மேல் பைத்தியமாக இருந்ததால் அவருக்குக் கற்பனை வற்றிப்போய்விடவில்லையே!

இப்போது அறிவியலுக்கு வருவோம். வெள்ளிக் கிரகத்தில் காடு, செவ்வாயில் கால்வாய், ராக்கெட்டுக்கு மீன் துடுப்பு மாதிரி இறக்கை, காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று நண்பர் கேட்டபோது அரங்கமே கைதட்டியது. கேள்வி நியாயமானதுதான். 1962 டிசம்பரில் மாரினர் 2 என்ற அமெரிக்க ஆய்வுக்கலம் வெள்ளியின் பக்கமாகப் போய் அளந்து பார்த்து அங்கே கொடூரமான வெப்பம் என்று சொல்லிவிட்டது, இன்றைய கணக்குப்படி அது சுமார் 460 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகி ஓடுகிற சூடு. 1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயை எடுத்த படங்களில் கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை, பள்ளங்கள்தான் இருந்தன. அதோடு அந்தப் பழைய சூரியக் குடும்பம் முடிந்துபோனது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஓவியர்கள் மனம்போன போக்கில் கிறுக்கிவிட்டுப் போனவர்கள் இல்லை. 1950 ஏப்ரலில் பிரிட்டனில் ஈகிள் என்ற வாரப் பத்திரிகையில் டான் டேர் என்ற விண்வெளி வீரனின் படக்கதைத் தொடர் ஆரம்பித்தது. அதை வரைந்த ஃபிராங்க் ஹாம்ப்சன் விண்கலங்களுக்கு மாதிரி செய்து மேஜையில் வைத்துக்கொண்டு, உதவியாளர்களுக்கு உடை மாட்டி நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, விளக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பார்த்து வாராவாரம் வரைந்தார். தொடக்கத்தில் அவருக்கு அறிவியல் ஆலோசனை சொன்னவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அன்றைக்குக் கிடைத்த அறிவியலை வைத்துக்கொண்டு முடிந்தமட்டும் நேர்மையாகத்தான் உழைத்தார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் கதையில் டான் டேர் எதற்காக வெள்ளிக்குப் போகிறான்? பூமியில் உணவுப் பற்றாக்குறை, அங்கே ஏதாவது விளையுமா என்று பார்க்கப் போகிறான். அதைப் படித்த பிரிட்டிஷ் பிள்ளைகளின் வீட்டில் அப்போது சாப்பாடு ரேஷனில் வந்துகொண்டிருந்தது, யுத்தம் முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போய் 1954இல்தான் ரேஷன் முடிவுக்கு வந்தது. ராக்கெட்டும் பச்சை நிற வில்லனும் கண்ணில் படுகின்றன, அடியில் ஓடுவது அந்த ஊர்ப் பசி. அப்படியென்றால் அந்தப் பாணியில் இன்று வரைகிறவர் மரியாதை செய்ய வேண்டியது எதற்கு? வெள்ளிக் காட்டுக்கு மட்டும் இல்லை, தன் காலத்துக் கவலையைத் தூக்கி விண்கலத்தில் ஏற்றிய அந்தத் துணிச்சலுக்கு. வெள்ளி ஒரு கொதிகலன் என்று தெரிந்த பிறகும் ஒருவர் அங்கே காடு வரைகிறார் என்றால் அது அறியாமை ஆகாது. பழைய ஓவியருக்கு அந்தக் காடு நடக்கக்கூடிய ஒன்று, இவருக்கு அது கைவிட்டுப்போன ஒன்று. அதே காட்டில் இப்போது ஒரு ஏக்கம் சேர்ந்துவிடுகிறது, 1950இல் எவ்வளவு பெரிய ஓவியராலும் அதை வரைந்திருக்க முடியாது.

இடையில் ஒரு விஷயம். வால் ஊன்றி நிமிர்ந்தபடி தரையிறங்கும் ராக்கெட்டை எத்தனை வருஷம் குழந்தைத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015 டிசம்பரில், 11 செயற்கைக்கோள்களைச் சுமந்து கிளம்பிய ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலை, அதாவது அதன் அடிப்பாகம், அப்படியே திரும்பி வந்து வால் ஊன்றி நின்றது. பழைய ஓவியர்கள் தீர்க்கதரிசிகள் என்று நான் வாதாடப்போவதில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அவ்வளவுதான்.

சரி, வரைகலைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம். கம்ப்யூட்டரில் புள்ளி ஃபில்டரைப் போட்டுத் தாளைப் பழுப்பாக்கினால் பழைய காமிக்ஸ் தயார் என்றார் நண்பர். ஃபில்டர் புள்ளியைத்தான் தரும். அந்தக் காலத்தில் மலிவுத் தாளில், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கே மைகளை வைத்து அச்சடித்தார்கள். மெல்லிய சாம்பல் நிழல் போட்டால் தாளில் மை ஊறிக் குழம்பிவிடும். அதனால் ஓவியர் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த இடம் கறுப்பா, வெளிச்சமா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். ராக்கெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் சூரிய வெளிச்சம், மறுபக்கத்துக்குக் கோடே கிடையாது, அது வானத்தின் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும், மீதி ராக்கெட்டை வாசகன் கண்ணே வரைந்துகொள்ளும். எங்கே கோட்டை நிறுத்த வேண்டும் என்பதை எந்த ஃபில்டரும் சொல்லித்தராது. பக்கத்தின் கடைசிக் கட்டமும் அப்படித்தான், வாரம் ஒரு பக்கம் வந்த தொடரில் அந்தக் கட்டம் ஏழு நாளைக்குத் தாங்க வேண்டும். கதாநாயகன் விளிம்பில் தொங்க, 'தொடரும்' போடுகிற இடத்தைக் கணிப்பது தனி வித்தை. இன்று மொத்தக் கதையும் ஒரே புத்தகமாக வந்தாலும், இந்தக் கணக்குத் தெரிந்தவர் வரைந்தால் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. ஃபிளாஷ் கார்டனில் வில்லன் பெயர் மிங். ஆசியர்கள் என்றால் ஆபத்து என்ற அந்தக் காலத்து வெறுப்பை அப்படியே மஞ்சள் தோலும் தொங்கு மீசையுமாக வரைந்து வைத்தார்கள். கதாநாயகியைக் கடத்துவதும் மீட்பதுமாகக் கதை நகரும். இதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன், அது தப்பு, முழுத் தப்பு.

ஆனால் அதே காலகட்டம் முழுக்க மிங் மட்டுமே இல்லை. 1953இல் ஈசி காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 'ஜட்ஜ்மென்ட் டே' என்று ஒரு சிறுகதை வெளியிட்டது. ஆல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஓர்லாண்டோ வரைந்தார். பூமியிலிருந்து ஒருவர் ரோபோக்களின் கிரகத்துக்குப் போய் அவர்கள் விண்வெளிக் கூட்டமைப்பில் சேரத் தகுதியானவர்களா என்று சோதிக்கிறார். ஆரஞ்சு ரோபோக்களுக்கு ஒரு நீதி, நீல ரோபோக்களுக்கு ஒரு நீதி, உள்ளே இருக்கும் பாகங்களோ ஒன்றேதான். தகுதி இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கதை முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றாத அந்த மனிதர் கடைசிக் கட்டத்தில்தான் கழற்றுகிறார், பார்த்தால் கறுப்பினத்தவர், முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. 1956இல் இதை மறுபதிப்புச் செய்யப்போனபோது, காமிக்ஸ் தணிக்கை அமைப்பு அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றது. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்துவிட்டார், வியர்வைத் துளிகூட மாறாமல் அப்படியே அச்சானது. அதுதான் ஈசியின் கடைசி வண்ணக் காமிக்ஸ் இதழ்.

ஆக, மரியாதை செய்கிறவர் எதைத் தலையில் வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்று தேர்ந்தெடுக்கிறார். அதே துடுப்பு ராக்கெட்டை வரைந்து, அதன் கட்டுப்பாட்டுப் பலகையின் முன்னால், எப்போதும் கடத்தப்பட்டுக்கொண்டே இருந்த அந்தப் பெண்ணை உட்காரவைக்கிறார். மிங்கை வைத்து யார் யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதையே கதையாக்கவும் அவரால் முடியும். அந்தப் பாணியைத் தொடவே தொடாதவரால் இந்தச் சண்டையைப் போட முடியாது.

எதிரணி நண்பரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு உட்காருகிறேன். அந்தப் பழசையெல்லாம் பூட்டி வைத்துவிட்டுப் புதுசாக யோசியுங்கள் என்றீர்கள். பூட்டினால் மிங்கோடு சேர்த்து ஓர்லாண்டோ வரைந்த அந்தக் கடைசிக் கட்டத்தையும்தான் பூட்டியாக வேண்டும். அதற்கு உங்களுக்குச் சம்மதமா? அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.