ஊரைச் சேர்த்து நிறுத்துவது விதியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஊர் ஒன்றாக நிற்பது உணர்வாலா, சட்டதிட்டம் என்ற விதியாலா என்பது வழக்கு. விதியால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2015 சென்னை வெள்ளத்தைச் சொன்னார். மீனவர்கள் படகோடு வந்ததையும், முன்பின் அறியாதவர்கள் சோறு பொங்கிக் கொடுத்ததையும் சொன்னார். அந்த மனிதர்களை நானும் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் வெள்ளம் வடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பத்தான் வேண்டும். ஏரியும் வாய்க்காலும் ஒரு வாரத்து வேலையல்ல, ஐயா. அவற்றை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைமடைக்காரரும் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரரும் மாமன் மச்சானாகவே இருக்கட்டும். மழை பொய்த்த ஆண்டில், பயிர் வாடும்போது, மடையை மூட யாருக்கு மனம் வரும்? அதனால்தான் நம் ஏரிப் பாசன ஊர்கள் நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்தன. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை முறைப்படி அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுப்பார்கள். கடைமடை விளைந்தது மச்சான் பாசத்தால் அல்ல, முறைப்பாசனத்தால்.

ஸ்பெயினில் வலென்சியா நகரப் பேராலய வாசலில் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. வாய்க்கால்களுக்கு விவசாயிகளே தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் நீதிபதிகள். வழக்கறிஞர் கிடையாது, எல்லாம் வாய்மொழி. தன் வாய்க்கால் வழக்கு வந்தால் அந்த வாய்க்கால்காரர் தீர்ப்புச் சொல்வதில்லை. பாசம் தடுமாறும் இடத்தை எவ்வளவு கூர்மையாகக் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார்கள்! இத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பயன்படுத்துபவர்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்தால் பொதுச்சொத்து அழியாமல் நீடிக்கும் என்று அவர் காட்டினார்.

“விதி மனிதரைப் பிரிக்கும், உணர்வு சேர்க்கும்” என்றார் எதிரணி அம்மையார். அம்மா, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தை நினைத்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு என்று 1996இல் ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். தேர்தல் நடக்கவில்லை, நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வேண்டியிருந்தது. இப்படியே பத்தாண்டுகள்! அங்கேயும் உணர்வு இருந்தது, ஐயா. ‘நம் ஊர், நம் ஆட்கள்’ என்ற கட்டுக்கோப்பும் இருந்தது. அந்த ‘நம்’முக்குள் பக்கத்துத் தெருவுக்கு இடமில்லை. 2006இல் தேர்தல் நடந்து பட்டியலினத் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள் என்றால், ஒதுக்கீடு என்ற விதி அசையாமல் நின்றதும், அதை நிறைவேற்ற அரசு இறங்கி வந்ததும்தான் காரணம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இந்த மூன்று ஊர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி.