பதினேழாவது மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். தியானம் பற்றிக் கொஞ்சம் பேச வந்திருக்கிறேன். லிஃப்டுக்காக நிற்கிறோம். பொத்தானில் விளக்கு எரிகிறது, யாரோ ஏற்கெனவே அழுத்திவிட்டார்கள். இருந்தாலும் நாமும் ஒரு தடவை அழுத்துகிறோம். நானும் அழுத்துகிற ஆள்தான், அதனால் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. பல் தேய்க்கும்போது குளிக்கிற நினைப்பு, குளிக்கும்போது வேலை நினைப்பு. உடம்பு ஓரிடம், மனசு அடுத்த இடம்.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவன். கவனம்தான் என் பிழைப்பு. ஒரு கல்யாணப் பத்திரிகையை மூன்று தடவை படித்து, 'சரி' என்று கையெழுத்தும் போட்டேன். அச்சாகி வந்த பிறகு பார்த்தால், தேதி ஒன்று, கிழமை வேறு! கண் படித்திருக்கிறது, வாய் முணுமுணுத்திருக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை.

கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்க. வெளியே விடுற மூச்சுக்கு ஒரு எண். பத்து வந்ததும் மறுபடி ஒண்ணுல ஆரம்பிங்க." இது ஒரு வேலையா என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... சட்டென்று விழித்துக்கொண்டால், 'பதினேழு' என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்தில் திரும்ப வேண்டியவன்! எண்ணிக்கை அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. நான் அந்தக் கல்யாணப் பத்திரிகைக்காரரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மெய்ப்பில் நடந்த அதே கூத்து!

மறுநாள் அவரிடம் போய், "எனக்கு இது சரிப்படாதுங்க" என்றேன். அவர் கேட்டார்: "பதினேழுன்னு எப்படித் தெரிஞ்சுது?" "திடீர்னு தெரிஞ்சுது." "அந்தத் திடீர்தான் தியானம். ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க."

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். நினைப்பே வரக்கூடாது என்று உட்கார்ந்தால், அந்த நினைப்போடு மல்லுக்கட்டியே நேரம் போய்விடும். மனசு போகட்டும். போனது தெரிந்ததும் திட்டாமல் கூட்டி வாருங்கள். பத்து நிமிஷத்தில் ஐம்பது தடவை போனால், ஐம்பது தடவை கூட்டி வந்த பயிற்சி உங்களுக்கு.

மனசு ஓடுவது உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2010-ல் ஹார்வர்டு உளவியலாளர்கள் இருவர், சுமார் 2,250 பேரை அவரவர் கைப்பேசி வழியாகவே, 'இப்போது மனம் செய்கிற வேலையில் இருக்கிறதா?' என்று அவ்வப்போது கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீதத் தருணங்களில் இல்லை என்றே பதில். இன்பமான கனவில் இருந்தவர்கள்கூட, செய்கிற வேலையில் இருந்தவர்களைவிட ஒன்றும் அதிக மகிழ்ச்சியாக இல்லை!

சரி, எண்ணுவதற்கு மூச்சை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், இப்போது வேண்டாம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால் பதற்றமான நேரத்தில், இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீளமாக்குங்கள், இதயத்தின் ஓட்டம் மெல்ல இறங்கும். சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய துயரமோ பயமோ கிளம்பிவரும். அவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம். அது தொடர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நடந்துகொண்டே செய்கிற தியானம் பற்றித்தான் முக்கியமாகப் பேச நினைத்து வந்தேன். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று விரல் காட்டுகிறார்கள். பத்திரிகைக் கதையை நீட்டிவிட்டேன் போல. சுருக்கமாகச் சொல்கிறேன்: பத்தடி இடம் போதும். குதிகால் தரையில் படுவது, பாதம் பதிவது, விரல் எழும்புவது, இந்த மூன்றை மட்டும் கவனியுங்கள். திரும்புகிற இடத்தில்தான் மனசு நழுவும், அங்கே ஒரு மூச்சு நின்று திரும்புங்கள். வணக்கம்.