"கார்டு எங்க?"

வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, சேர் நிறைய காலியா கெடக்கு.

போராட்டத்துல நோட்டோ போனோ கையில வெச்சிட்டு நிக்கிறப்ப போலீஸ்காரர் வந்து கேக்குற முதல் கேள்வி எதுன்னு இங்க இருக்குற பாதி பேருக்கு தெரியும். எந்த பத்திரிகை, கார்டு எங்க? கார்டுன்னா பிரஸ் கார்டு, பத்திரிகையாளர்னு காட்டுற அடையாள அட்டை. அந்த ஒரு கேள்விய பத்தி தான் இன்னைக்கு பேச வந்தேன்.

எனக்கு அப்ப 24 வயசு. ஒரு சின்ன பத்திரிகைக்கு ஸ்டிரிங்கரா, அதாவது சம்பளத்துல சேராத வெளி நிருபரா, செய்தி அனுப்பிட்டு இருந்தேன், கார்டெல்லாம் யாரும் குடுத்ததில்ல. ஒரு சாலை மறியல போட்டோ எடுத்தப்ப கார்டு இல்லன்னு மறியல் பண்ணவங்களோடயே வேன்ல ஏத்திட்டாங்க, கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சாங்க, மத்தியானம் எலுமிச்சம்பழ சாதம் பொட்டலம் கூட குடுத்தாங்க. அடி இல்ல, கேஸ் இல்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு பேர எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. ஆனா அந்த செய்தி? அது செத்துப் போச்சு. மறுநாள் பேப்பர்ல போலீஸ் சொன்ன கணக்கு மட்டும் தான் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு கோவம் கூட வரல, என்ன நடந்துச்சுன்னு புரியவே ரொம்ப நாள் ஆச்சு.

இப்ப டெல்லிக்கு வாங்க. 2021 ஜனவரி. மூணு வேளாண் சட்டத்துக்கு எதிரா விவசாயிங்க சிங்கு எல்லையில ரெண்டு மாசமா உக்காந்திருக்காங்க. 26ஆம் தேதி டிராக்டர் பேரணி, அதுல கலவரம். 29ஆம் தேதி உள்ளூர்க்காரங்கன்னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டம் வந்து விவசாயிங்க மேல கல்லெறியுது. மந்தீப் புனியான்னு ஒரு ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர், கேரவன் பத்திரிகைக்கும் எழுதுறவர், கல்லெறிஞ்சவங்க யாருன்னு பேஸ்புக்ல வீடியோ போடுறாரு. 29ஆம் தேதி ராத்திரி 11 மணியில இருந்து சிங்கு, காஜிப்பூர், டிக்ரி, விவசாயிங்க உக்காந்திருந்த மூணு எல்லையிலயும் இன்டர்நெட் கட். அதுக்கு மறுநாள் சாயங்காலம் பேரிகேட் பக்கத்துல வெச்சு புனியாவையும் இன்னொரு பத்திரிகையாளரையும் போலீஸ் இழுத்துட்டுப் போகுது. இன்னொருத்தர மறுநாள் காலையில விட்டுட்டாங்க. புனியா மேல கேஸ்.

என்ன செக்ஷன்? ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டம், 186, 332, 353. அரசு ஊழியர் வேலைய தடுத்தாரு, தாக்குனாரு, அப்படின்னு. இந்த நம்பர்கள மறந்துடாதீங்க, இப்ப ஐபிசி போயி பிஎன்எஸ், பாரதிய நியாய சன்ஹிதாங்கிற புது சட்டம் வந்துடுச்சு, 221, 121, 132ன்னு மாறியிருக்கு, நம்பர் தான் மாறியிருக்கு. போலீஸ் சொன்ன இன்னொரு காரணம், அவர்கிட்ட பிரஸ் கார்டு இல்ல.

மறுநாள் திகார் ஜெயில் வளாகத்துலயே மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறாங்க, அவரோட வக்கீல் வர்றதுக்குள்ள முடிஞ்சிருது, 14 நாள் நீதிமன்றக் காவல். அரசியல் சட்டம் 22வது பிரிவு என்ன சொல்லுது, கைதானவருக்கு தான் விரும்புற வக்கீல கலந்து பேச உரிமை உண்டுங்குது. அந்த பிரிவு எழுதி எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

பிப்ரவரி 2ஆம் தேதி டெல்லி ரோகிணி கோர்ட்டு ஜாமீன் குடுத்துச்சு. அந்த உத்தரவுல ரெண்டு விஷயம் இருக்கு, நீங்க கவனிக்கணும். கைகலப்பு நடந்ததா சொல்றது சாயங்காலம் ஆறரை, எஃப்ஐஆர் போட்டது நடுராத்திரி ஒண்ணே கால் மணிக்கு மேல, கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் கழிச்சு. ரெண்டாவது, புகார் குடுத்தவரும் போலீஸ், பாதிக்கப்பட்டவரும் போலீஸ், சாட்சியும் போலீஸ், அப்புறம் இவரு வெளிய வந்து எந்த சாட்சிய கலைக்கப் போறாருன்னு கோர்ட்டு கேட்டுச்சு.

சரி, கார்டு இருந்திருந்தா விட்டுருப்பாங்களா? 2020 மே 29, அமெரிக்காவுல மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃபிளாய்டுங்கிற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில செத்த அந்த வாரம். சிஎன்என் நிருபர் ஓமர் ஹிமெனெஸ் லைவ்ல இருக்காரு, கையில கார்டு, பக்கத்துல கேமராமேன், நாங்க எங்க நிக்கணும் சொல்லுங்க அங்க போயிடறோம்னு பொறுமையா கேக்குறாரு. உலகமே பாத்துட்டு இருக்கறப்ப கையில விலங்கு மாட்டுனாங்க. ஒரு மணி நேரத்துல விட்டாங்க, கவர்னர் டிம் வால்ஸ் மன்னிப்பு கேட்டாரு, அது பெரிய சேனல், கேட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அயோவாவுல டெமாயின் ஊர்ல ஆண்ட்ரியா சஹூரின்னு ஒரு உள்ளூர் பத்திரிகை நிருபர், நான் பிரஸ் நான் பிரஸ்னு சொல்லிட்டே இருக்கு அந்தப் பொண்ணு, முகத்துல பெப்பர் ஸ்பிரே அடிச்சு கைது. ஒன்பது மாசம் கேஸ் நடந்துச்சு. கைது பண்ண அதிகாரியோட சட்டை கேமராவுல அந்த நேரத்து பதிவு இல்ல. 2021 மார்ச்ல ஜூரி விடுதலை பண்ணுச்சு. ஒன்பது மாசம் ஒரு நிருபர் கோர்ட்டு நினைப்பாவே இருந்தா வேற என்னத்த எழுத முடியும்னு நீங்களே சொல்லுங்க.

ஆக கார்டு இருந்தாலும் புடிப்பாங்க, இல்லாட்டியும் புடிப்பாங்க. எனக்குப் படுறது என்னன்னா, இந்த கைதுங்க தண்டனை வாங்கிக் குடுக்கறதுக்காக நடக்கறதில்ல, கேஸ் நிக்காதுன்னு போடுறவங்களுக்கே தெரியும். அந்த சில மணி நேரம் அங்க கண்ணு இருக்கக் கூடாது, அவ்வளவு தான் தேவை.

கார்டு வாங்காதீங்கன்னு சொல்லல, குடுத்தா வாங்கி வெச்சுக்குங்க, ஆனா உரிமை அதுல இருந்து வரல. அது அரசியல் சட்டம் 19(1)(அ) பிரிவுல இருந்து வருது, அது ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள பேச்சுரிமை, பத்திரிகைக்குன்னு தனியா ஒரு பிரிவே கிடையாது. இத சுப்ரீம் கோர்ட்டு முதல்ல சொன்ன கேஸ் நம்ம ஊர் கேஸ் தான். 1950ல கிராஸ் ரோட்ஸ்னு பம்பாய்ல வந்த பத்திரிகைய மெட்ராஸ் அரசாங்கம் மாகாணத்துக்குள்ள வரக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, அதோட ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் கோர்ட்டுக்குப் போனாரு, ஜெயிச்சாரு. தெருவுல போன்ல படம் எடுக்குற பிள்ளைக்கும் அதே உரிமை தான், யாரும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் குடுக்க வேண்டியதில்ல.

புனியா விஷயத்துல எனக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு இருக்கு. உள்ள போனா அங்க 26ஆம் தேதி கலவரத்துக்குப் பின்னாடி புடிச்ச விவசாயிங்க இருக்காங்க. யாரும் போய் பாக்க முடியாத ஆளுங்க. இவரு அவங்ககிட்ட உக்காந்து கேட்டு, பேப்பர் இல்லாம தன்னோட கால்லயே பேனாவால குறிப்பு எழுதி வெச்சிருக்காரு. வெளிய வந்து அத காட்டுனாரு, அப்புறம் கட்டுரையா எழுதுனாரு. வாய அடைக்கத்தான் உள்ள போட்டாங்க, அவரு அங்கயும் பேட்டி எடுத்திருக்காரு.

களத்துக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களும் கையில எழுதிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஒரு வக்கீலோட நம்பர், முழங்கைக்கு மேல, ஏன்னா போன புடுங்கிட்டா யாருக்கும் யார் நம்பரும் ஞாபகம் இருக்காது. புடிச்சா கைது மெமோ, அதாவது கைது பண்ணதுக்கான எழுத்துப் பதிவு, கேளுங்க, வீட்டுக்கு தகவல் சொல்லச் சொல்லுங்க, இதெல்லாம் செய்யணும்னு சொல்ற சுப்ரீம் கோர்ட்டோட டி.கே.பாசு தீர்ப்பு 1996லயே வந்தாச்சு. வீடியோ எடுத்தா அப்பப்ப வேற ஆளுக்கு அனுப்பிடுங்க, நெட் இருக்கும்போதே.

கடைசி வரிசையில ஒரு தம்பி ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காரு. அவருக்கு மைக் குடுங்க.