கொழும்பு வழியாக வந்த பாட்டு

(கோத்தகிரியில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, இந்தக் குளிரிலும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘எனக்குப் பிடித்த பாட்டும் பாடகர்களும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என்னைவிடப் பாட்டு தெரிந்தவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். எனக்கு ராகம் பிடிபடாது. நான் தாளம் போட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். கேட்க மட்டும் தெரியும். அதனால் இது பாடுகிறவன் பேச்சு இல்லை, கேட்டவன் பேச்சு.

நாங்கள் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் லைன் வீடுகளில், இருந்தவர்கள். தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பின 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களை மாதிரி ஆட்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தார்கள், 1976இல் அது டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், ஆயிற்று. இந்தக் கதை இங்கே பாதிப் பேருக்கு வீட்டுக் கதை. நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அட்டனில் இருந்தபோது எங்களுக்குப் பாட்டு என்றால் இலங்கை வானொலி. கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவாகும், கொழும்பிலிருந்து கேட்கும். சரி, ஊரை விட்டு வந்துவிட்டோம், இனிமேல் அந்தக் குரலெல்லாம் கிடையாது என்றுதான் நினைத்தோம். இங்கே வந்து அடுப்பு பற்ற வைத்த புதிதில் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் “இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்” என்று அதே குரல். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இவங்க எப்படி நமக்கு முன்னாடி வந்தாங்க?” என்று கேட்டாள். தமிழ்நாட்டில் பிறந்த பாட்டை, தமிழ்நாட்டுக்கே வந்த பிறகும் கொழும்பு வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பதுகளில் பி.வி. கேஸ்கர் என்பவர் தகவல் ஒலிபரப்பு அமைச்சர். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கிப்போனது. கேட்கிறவன் சும்மா இருப்பானா? ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டான். 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தது. ஆனால் அதற்குள் காது பழகிவிட்டது. அமைச்சருக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும் என்பேன். அவர் அப்படிச் செய்யாமல் இருந்தால் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் பி.எச். அப்துல் ஹமீதும் நம் வீட்டுக்குள் வந்திருப்பார்களா?

எனக்குப் பிடித்த கலைஞர்கள் என்றால் முதலில் இந்தக் கொழும்பு அறிவிப்பாளர்கள்தான், அப்புறம்தான் பாடகர்கள். ராஜா பேசினால் மலை இறங்குகிற பஸ் வேகம், ஆனாலும் ஒரு எழுத்து கீழே விழாது. ஹமீது எதிர்த்திசை. ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பார். இருவரும் தவறாமல் ஒன்று செய்தார்கள். என்ன படம், யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். எங்கள் தோட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி, “இது கண்ணதாசன் எழுதுனது” என்று சொல்வாள். பள்ளிக்கூடம் கொடுக்காததை ரேடியோ கொடுத்தது.

ரேடியோ கேட்பது அப்போது லேசான காரியம் இல்லை. தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். மத்திய அலையில் பிடிக்கிற டிரான்சிஸ்டருக்குள் ஒரு கறுப்புக் கம்பி இருக்கும், அதற்குத் திசை உண்டு. பெட்டியைக் கொஞ்சம் திருப்பினால் கொழும்பு வரும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெறும் இரைச்சல். எங்கள் மாமா பலகையில் சாக்பீஸால் ரெண்டு கோடு போட்டு வைத்திருந்தார். பெட்டி அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும். தூசி துடைக்கிறேன் என்று யாராவது அதை அழித்தால் அன்றைக்கு வீட்டில் ரகளை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 1970இல் ரேடியோ தொலைநோக்கி வைத்தார்கள், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு. வானத்தில் எங்கோ இருக்கிற நட்சத்திர மண்டலத்தின் குரல் அதற்குக் கேட்குமாம். மாமா அதைக் கேள்விப்பட்டு, “கொழும்பு கேட்குமான்னு விசாரிச்சியா?” என்றார்.

டி.எம். சௌந்தரராஜனுக்கு வருகிறேன். இவரைப் பற்றிப் பேச எனக்கு ராத்திரி பூரா வேண்டும். நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் சினிமா பார்த்தது குறைவு. டவுனுக்கு இறங்க வேண்டும், படம் முடிந்தால் திரும்ப பஸ் இருக்காது. அதனால் பாட்டுதான் தெரியும், அதில் வாயசைத்தவர் முகம் தெரியாது. மாமாவுக்கும் எங்கள் சித்தப்பாவுக்கும் இதில் ஒரு தீராத வழக்கு. சௌந்தரராஜன் என்ற பெயரில் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்பது சித்தப்பா கட்சி. ஒருத்தர் குரல் வாயின் முன்பக்கத்திலிருந்து வருகிறது, சொல்லைச் சட்டென்று முடித்துவிடுகிறார், கொஞ்சம் சிரிப்பும் இருக்கிறது. இன்னொருத்தர் நெஞ்சிலிருந்து எடுக்கிறார், கடைசி எழுத்தை உருட்டி விடுகிறார், அழுகை பக்கத்திலேயே நிற்கிறது. “ஒரே ஆளுக்கு எப்படிடா ரெண்டு தொண்டை?” என்பார். முதலாவது எம்.ஜி.ஆருக்கு, ரெண்டாவது சிவாஜிக்கு என்று ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் படமே பார்க்காமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு, சித்தப்பா அந்த வித்தியாசத்தைப் பிரித்துவிட்டார் பாருங்கள். மதுரையில் 1922இல் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, தியாகராஜ பாகவதரைப் போலப் பாடித் தொடங்கிய மனிதர், பின்னால் நடிகருக்கு நடிகர் தொண்டையை மாற்றிக் கட்டினார் என்பதற்கு இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் வேண்டுமா?

ஆனால் எனக்கு வேண்டியது அந்த ரெண்டு பேரும் இல்லை. மூன்றாவதாக ஒருத்தர் இருக்கிறார். ஆண்டவன் பிச்சை என்ற பெயரில் பாடல்கள் எழுதிய மரகதம் அம்மாளின் ‘உள்ளம் உருகுதய்யா’ கேட்டிருப்பீர்கள். அதில் வாயசைக்க யாரும் கிடையாது. எம்.ஜி.ஆரின் சிரிப்பு வேண்டாம், சிவாஜியின் விம்மல் வேண்டாம், முருகன் மட்டும்தான் முன்னால். அங்கே வருகிற குரல்தான் சௌந்தரராஜனின் சொந்தக் குரல் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வரலாம், டீ குடித்துக்கொண்டே சண்டை போடுவோம்.

பி. சுசீலா. பெண் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது என்று ஒன்று வைத்தபோது, முதலில் வாங்கியவர் அவர்தான். ‘உயர்ந்த மனிதன்’, 1968. ‘பால் போலவே’ என்று தொடங்கும் பாட்டு. விருதெல்லாம் இருக்கட்டும். என் அம்மா மலையில் கொழுந்து பறிக்கும்போது சுசீலா பாட்டுதான் பாடுவாள். முதுகில் கூடை, தலையில் கயிறு, ஏறுமுகமான தேயிலைச் செடி நிரை. ரெண்டு கையும் கொழுந்தைக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறியும். அந்த எறிகிற இடத்தில் பாட்டு நிற்கும். ஒரு மூச்சு, திரும்ப வரி தொடங்கும். அவள் பாடிய எல்லாப் பாட்டிலும் நிறுத்தம் அந்தக் கைக்கணக்கில்தான். பின்னால் அதே பாட்டை ரேடியோவில் கேட்கும்போது, சுசீலா எங்கே மூச்சு எடுக்கிறார் என்று தேடுவேன். கிடைக்காது. அடுத்த வரி தொடங்கிவிட்டிருக்கும். இப்போது ஹெட்போன் மாட்டிக் கேட்டாலும் சில பாட்டில் பிடிபடவில்லை. விஜயநகரத்தில் பிறந்த தெலுங்குக்காரர், ழகரத்தை நம்மில் பலரைவிடச் சுத்தமாகச் சொல்வார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான். நான் மயங்கியது அந்த மூச்சில்.

பி.பி. ஸ்ரீனிவாஸ், ஏ.எம். ராஜா இருவரையும் விட்டுவிடவில்லை. அவர்கள் ராத்திரிக்கு, போர்வைக்குள் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்க. மேடையில் உரக்கப் பேசினால் கெட்டுவிடும்.

மேடையில் உரக்கப் பேச வேண்டியவர் எல்.ஆர். ஈஸ்வரி. இந்த அம்மாவுக்கு நம் ஊர் ரசிகர்கள் நியாயம் செய்யவில்லை என்ற மனக்குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. கிளப் டான்ஸ் பாட்டு என்று ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கினவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் மணப்பெண்ணை அழைத்து வரும்போது ‘வாராய் என் தோழி’ தானே போட்டார்கள்? ‘பாசமலர்’, 1961. ஆடி பிறந்தால் ‘செல்லாத்தா’ இல்லாமல் எந்த மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள்? ஒரே குரல் கிளப்பிலும் நிற்கிறது, மணவறையிலும் நிற்கிறது, அம்மன் சன்னதியிலும் நிற்கிறது. இந்த மூன்று இடத்திலும் கூசாமல் நிற்கிற குரல் வேறு எது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து மைக் செட் இங்கே இளைஞர்களுக்குத் தெரியாது. கூம்பு ஸ்பீக்கரை சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் கட்டுவார்கள். முதல் இசைத்தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. அதில் மாற்றம் கிடையாது. அடுத்து எங்கள் தோட்டத்தில் நாகூர் அனிபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. மாரியம்மன் திருவிழாவுக்கும் அப்படித்தான், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஈஸ்வரி அம்மா மூன்றாவதாக வருவார். பாட்டு எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். இங்கே ரெண்டாவது வரி ஓடும்போது அங்கிருந்து முதல் வரி கேட்கும். சீர்காழியின் குரலுக்கு அது கோயில் மணிபோல் பொருந்தும். ஈஸ்வரியின் வேகத்துக்குப் பொருந்தாது, எல்லாம் கலந்து குழம்பிவிடும். அதனால் மைக் செட்காரர் அவர் பாட்டுக்கு மட்டும் ஏணி போட்டு ஏறி, கூம்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி வைப்பார். ரசிகன் என்றால் அவன் ரசிகன்.

வாத்தியத்தில் ஒன்று சொல்கிறேன். ‘கொஞ்சும் சலங்கை’ 1962இல் வந்தது. ‘சிங்கார வேலனே தேவா’வில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும். சில இடத்தில் எது குரல், எது குழல் என்று தெரியாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அவர். அந்தப் படம் வந்த ரெண்டே வருஷத்தில், 1964இல், போய்விட்டார். குழல் வாத்தியம் என்றால் அவர்தான், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இந்த மலைக்கு வந்தேன்.

இங்கே படுகர் ஊர் ஒன்றில் ஒரு சடங்கில் இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்கள் வாசித்ததைக் கேட்டேன். கொள் என்கிற குழல், தபட்டை, கொம்பு. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சினிமாப் பாட்டில் பழகின காதுக்குப் பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று தேட்டம். பக்கத்தில் போய் நின்று குழல்காரரின் கன்னத்தைப் பார்த்தேன். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, அது வெளியே போகும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். ஒலி அறுபடவே இல்லை. சுசீலாவிடம் நான் தேடின மூச்சு இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த ஜனங்களின் சங்கீதம் அது. ஊருக்குள்ளேயே எத்தனை பேர் நின்று கேட்டிருக்கிறோம்?

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. ‘மச்சானைப் பார்த்தீங்களா’ ரேடியோவில் வந்த அன்று எங்கள் லைனில் வயதான பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “யாருடி இது, நம்ம பாட்டை எடுத்துப் பாடுறது?” என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு இசையமைத்த இளையராஜாவும் அவர் சகோதரர்களுமான பண்ணைப்புரத்துப் பிள்ளைகள் அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. காது சொல்லிவிட்டது.

அந்தக் கேள்வி கேட்ட தலைமுறைப் பெண்களிடம் ஒரு பெட்டி நிறையப் பாட்டு இருந்தது. கண்டிச்சீமைக்குப் போன பாட்டு, ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியைத் திட்டுகிற பாட்டு, அண்ணனைப் பறிகொடுத்த மலையைக் காட்டி அழுகிற பாட்டு. எந்த ரேடியோவும் அவற்றைப் போடவில்லை. எங்கள் வீடுகளிலும் ஈஸ்வரி அம்மா வந்ததும் அந்தப் பாட்டுகள் அடுப்படிக்குப் போய்விட்டன.

கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்டியிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்து பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ரெண்டு நிபந்தனை. வெற்றிலை நல்ல வெற்றிலையாக இருக்க வேண்டும், வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டக் கூடாது. வெற்றிலைக்கு நான் பொறுப்பு. மைக்கை எங்கே ஒளித்து வைப்பது என்பதை நூலகர் அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

வணக்கம்.