ஊர் இரண்டுபட்டால்: பட்டத்துச் சண்டைகளும் நம் கோயில் கல்வெட்டுகளும்

(சேலத்தில் வரலாற்று ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் பெருமக்களே, ஆத்தூரிலிருந்தும் தலைவாசலிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் தமிழாசிரியர்களே, ஏற்காட்டு மழையோடு இறங்கி வந்த நண்பர்களே, மண்டபத்துக்கு வாடகை வாங்க மறுத்த வள்ளல் அவர்களே (பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறார்), தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று மூன்று செய்திகள். பட்டம் யாருக்கு என்று எப்படி முடிவு செய்தார்கள்? அந்த ஏற்பாடு உடைந்தபோது ஆதாயம் யாருக்குப் போனது? மூன்றாவது, இதையெல்லாம் சொல்லும் கல்வெட்டுகளை எப்படிக் காப்பது?

சோழர்கள் கெட்டிக்காரர்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே மகனுக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள். முதலாம் ராஜராஜன் 1012இல் ராஜேந்திரனை இணையரசனாக்கினான். ராஜேந்திரனோ 1018இலேயே ராஜாதிராஜனை அமர்த்திவிட்டு, அதன்பின் 26 ஆண்டு வாழ்ந்தான். 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானைமேல் மாண்டான். தம்பி அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டான். படை கலையவில்லை, போரும் வென்றது. பட்டப்பெயரிலும் ஒரு முறை உண்டு. ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி. இதனால் கல்வெட்டு வாசிப்பவர் பாடுதான் திண்டாட்டம். வெறும் ‘கோப்பரகேசரி, யாண்டு 5’ என்றிருந்தால் விசயாலயனா, முதலாம் பராந்தகனா, உத்தம சோழனா? எழுத்தின் அமைப்பையும் நன்கொடை கொடுத்தவர் பெயரையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டு இதற்குள் சீட்டு வந்துவிட்டது! உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்கிறது, அவர்களைத் துரோகிகள் என்கிறது. உறவினர் நிலம்வரை பறிமுதலானதைச் சொல்கிறது. தூண்டியவர் யார் என்று சொல்லவில்லை. கல் சொல்லாததை மேடையில் நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது செய்திக்கு வருவோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். 1160களின் கடைசியில் மதுரையில் பராக்கிரம பாண்டியன் ஆள்கிறான். குலசேகர பாண்டியன் முற்றுகையிடுகிறான். உள்ளே இருப்பவன் இலங்கைக்கு ஆள் அனுப்புகிறான். அங்கே பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனைப் படையோடு அனுப்புகிறான். படை வந்து சேர்வதற்குள் பாண்டியன் குடும்பத்தோடு வெட்டுப்பட்டான். அழைத்தவன் போய்விட்டான் என்று படை திரும்பிப் போனதா? போகுமா! தப்பிய மகன் வீரபாண்டியனைக் காட்டிச் சண்டையைத் தொடர்ந்தது, ராமேசுவரத்தைப் பிடித்தது. குலசேகரன் சோழனிடம் ஓடினான்.

சோழநாட்டு நிலையைப் பாருங்கள். இரண்டாம் ராஜராஜன் இறந்தபோது பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். பல்லவராயர் என்ற அதிகாரி குழந்தைகளை ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து பாதுகாப்பாக அகற்றிவிட்டு, விக்கிரம சோழனின் பேரனை இரண்டாம் ராஜாதிராஜனாக முடிசூட்ட வைத்தார். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டையில் இந்தக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னும் சுவை. சிங்களப் படை நெருங்கியதும் சோழருக்கு அடங்கிய குறுநிலத் தலைவரான எதிரிலிசோழ சம்புவராயர் கலங்கிப்போய் உமாபதிதேவர் என்ற சிவாச்சாரியாரிடம் போய் நின்றார். அவர் 28 நாள் பூசை செய்தார். பிறகு போர்க்களத்திலிருந்து ஓலை வந்தது: பகைவர் தோற்றார்கள். ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்குத் தானமானது. இலங்காபுரன் தலை மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டது.

இங்கே கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. பட்டம் பெற்ற குலசேகரன் இலங்கையோடு கமுக்கமாகக் கைகோத்தான். சோழர்கள் அவனை விரட்டிவிட்டு யாரை அமர்த்தினார்கள் தெரியுமா? இத்தனை நாள் எதிர்த்துப் போரிட்ட அதே வீரபாண்டியனை! பின்னால் மூன்றாம் குலோத்துங்கன் அவனையும் விரட்டி, குலசேகரன் வழியினனாகக் கருதப்படும் விக்கிரமபாண்டியனை அமர்த்தினான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நூறாண்டுக்கு மேல் கழித்து, 1310இல், அதே பெயர் கொண்ட வேறொரு பாண்டியனான மாறவர்மன் குலசேகரனை மகன் சுந்தரபாண்டியனே கொன்றான். இன்னொரு மகனான வேறொரு வீரபாண்டியனோடு சண்டை மூண்டது. மறு ஆண்டே டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரையில்.

இலங்கை அரசர்களின் வரலாற்று நூலான சூளவம்சத்தை மட்டும் படித்தால் இலங்காபுரன் வெற்றிமேல் வெற்றி பெற்றவன். மறுபக்கக் கதை நமக்குத் தெரிவது இரண்டு கோயில் சுவர்களால். நான் வந்த வேலையே இதுதான். வசிட்ட நதிக்கரையில் ஆறகளூர் இருக்கிறது, வாணகோவரையர்கள் என்ற குறுநிலத் தலைவர்களின் ஊர். காமநாதீசுவரர் கோயிலில் அவர்கள் காலத்து எழுத்துகள் இருக்கின்றன. மாவட்டம் முழுதும் நடுகற்கள் வேறு. இவற்றின்மேல் மணல் பீய்ச்சி அடித்துத் துப்புரவு செய்தால் கல்லின் மேல்தோலே போய்விடும், எழுத்து மழுங்கும். தரையை உயர்த்தி டைல்ஸ் பதித்தால் அதிட்டானத்தின், அதாவது கோயில் அடித்தளத்தின், கீழ்வரிகள் புதையும், நிலத்தின் எல்லையும் கையெழுத்திட்டவர் பெயரும் புதையும். மேல்வரியில் சிமெண்ட் பூசினால் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் போயின. மிச்சத்தை வைத்து எந்தச் சண்டையையும் விளக்க முடியாது.

செய்ய வேண்டியது எளிது. சுண்ணாம்பு இருந்தால் நன்றாக ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், கம்பித் தூரிகை கூடாது. நார்த் தூரிகையால் கழுவுங்கள். பிறகு படியெடுக்க, நனைத்த தாளை எழுத்தின்மேல் மேலிருந்து கீழாக ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் தூரிகையால் தட்டினால் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். தாள் பாதி காய்ந்திருக்கும்போது மை ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை ஊறிப் பரவும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். சரியாக வந்தால் கறுப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும். இதற்கு வசதியில்லையா? இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துச் செல்போனில் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.

திருப்பணிக் குழுவினர் சிலர் வந்திருக்கிறீர்கள். பாலாலயத்துக்கு நாள் குறிக்கும் முன்பே தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். தாளும் தூரிகையும் மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்கலாம். மாதிரிக் கடிதமும் அங்கேயே இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.