பெரிய சங்கம் எதிலும் ஆடாத பி.கே. பானர்ஜி

வணக்கம் நண்பர்களே. மயிலாடுதுறையிலிருந்து பேசுகிறேன். பிரதீப் குமார் பானர்ஜி 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணித் தலைவராக ஆடி, பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தவர்; அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என வென்றபோதும் முதல் கோல் அவருடையதே. அன்று நம் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு காணொளி போட வேண்டும்.

இத்தனை புகழ் இருந்தும் கொல்கத்தாவின் பெரிய கால்பந்துச் சங்கங்களான மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ பானர்ஜி ஆடவேயில்லை. ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே நிலைத்து, 1958இல் பெரிய சங்கங்களை முந்திக் கொல்கத்தா லீக் பட்டத்தை அந்த அணி வெல்லத் துணைநின்றார். ரயில்வே வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறிவிடும் என்று நம்புகிற நம் டெல்டாக்காரர்களுக்கு அந்த வேலையின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

இரு முகாமிலும் ஆடாதவர் என்பதால்தான் பின்னாளில் இரண்டுக்கும் அவரால் பயிற்சியாளராக இருக்க முடிந்தது என்பது என் கணிப்பு. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என நொறுக்கியது. தோற்ற அந்தச் சங்கமே மறு ஆண்டு அவரை அழைத்துக்கொண்டது! 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் ஈடன் கார்டனுக்கு வந்தபோது, பெலேயைக் கட்டிப்போடும் பொறுப்பை அவர் கௌதம் சர்க்காரிடம் ஒப்படைத்தார், ஆட்டம் 2-2. அதே ஆண்டில் ஷீல்டு, டூராண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்று கோப்பைகளையும் மோகன் பகான் வென்றது.

ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் பேசும் பேச்சுக்குக் கொல்கத்தாவில் ‘வோக்கல் டானிக்’, அதாவது பேச்சு மருந்து என்றே பெயர். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தம் ‘டைமண்ட்’ வியூகத்தைப் பெருமையாகப் பேசி, ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியாவைக் கேலியும் செய்திருந்தார். அந்தக் கேலியையே அப்போது ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளராக இருந்த பி.கே. தம் பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுத்தார். சால்ட் லேக் அரங்கில் 1,30,000க்கும் மேற்பட்டோர் பார்க்க, பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

ஆனால் இந்தியாவுக்கு அந்த மருந்து அவ்வளவு பலிக்கவில்லை. ஜி.எம்.எச். பாஷா என்ற பயிற்சியாளருடன் இணைந்து பி.கே. பயிற்சி அளித்த அணி 1970 பாங்காக்கில் வென்ற வெண்கலமே ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் பெற்ற கடைசிப் பதக்கம்.